எலிக்குக் குணமானால் என் மகளுக்கும் ஆகுமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. 19 வயது மகளுக்கு வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் வெள்ளை விழுந்திருக்கிறது. பாண்டு என்று சொல்லி என் மாமியார் மீனையும் கோழியையும் நிறுத்திவிட்டார். மகனோ, அமெரிக்காவில் கோழிக்கும் எலிக்கும் இதே நோய் உண்டு, எலிக்குக் குணமாகிவிட்டது என்று போனில் காட்டுகிறான். அப்படியானால் என் மகளுக்கும் ஆகும்தானே டாக்டர்?

பதில்: அம்மா, முதலில் பிள்ளைக்கு மீனும் கோழியும் கொடுங்கள். சாப்பாட்டால் வருவதல்ல இது, தொட்டால் ஒட்டுவதுமல்ல. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்களை நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தப்பாக அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. அதுதான் வெண்புள்ளி.

உங்கள் மகன் சொன்ன கோழி நிஜம். அதன் பெயர் ஸ்மித் கோழி. 1971-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொரித்த ஒரே ஒரு பெட்டையிலிருந்து வந்த வம்சம். பழுப்பாக வளரும் குஞ்சு, சில வாரங்களில் இறகு இறகாக வெளுக்கத் தொடங்கும். வளரும் இறகு ஒன்றைப் பிடுங்கினால் அதன் அடிச்சதையிலேயே சண்டை நடப்பதைப் பார்க்கலாம். அடுத்த வாரம் இன்னொன்று. மனிதத் தோலை இப்படி வாராவாரம் வெட்டிப் பார்க்க யார் விடுவார்கள்? இந்தக் கோழிகள் சிலவற்றுக்குத் தைராய்டும் கெடுகிறது. மனிதர்களிலும் அப்படியே. அதனால் உங்கள் மகளுக்கு ஒரு தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம்.

எலிக் கதை கொஞ்சம் சிக்கல். சாதாரண எலியின் உடம்பில் நிறச் செல்கள் பெரும்பாலும் முடி வேரில்தான் இருக்கும், மேல்தோலில் அபூர்வம். எனவே மரபணுவை மாற்றி, மேல்தோலிலும் நிறம் தங்கும் எலியை உருவாக்கினார்கள். அதில்தான் இன்டர்பெரான் காமா என்ற சமிக்ஞை, தாக்கும் செல்களை மேலும் மேலும் தோலுக்கு வரவழைக்கிறது என்று தெளிவானது. அந்தச் சமிக்ஞையை அடைக்கும் ருக்ஸோலிட்டினிப் களிம்புக்கு, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக, 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனையில், 24 வாரத்தில் முகத்தில் முக்கால் பங்கு நிறம் திரும்பியது சுமார் 10 பேரில் 3 பேருக்குத்தான். எலி வழி காட்டியது. குணம் எவ்வளவு என்பதை மனிதர்களிடம்தான் பார்க்க முடிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிறம் திரும்பும்போது வெள்ளைத் திட்டுக்குள், முடி முளைத்த இடங்களைச் சுற்றிக் கடுகு சிந்தியதுபோல் பழுப்புப் பொட்டுகள் தெரியும். முடி வேரில் ஒளிந்திருக்கும் செல்கள்தான் மேலே ஏறி வருகின்றன. விரல் நுனியில் முடியே இல்லையே! அதனால் வாயைச் சுற்றியுள்ளது திரும்ப வாய்ப்பு அதிகம். விரல் நுனி எந்த மருந்துக்கும் அடம்பிடிக்கும். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் கடிதத்தில் ரப்பர் என்று பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து ஷீட் அடிக்கும்போது, அந்த ஆசிட்டுக்குப் பயந்து அவள் ரப்பர் கையுறை போடுகிறாளா? 1939-ல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கைகள் கையுறை பட்ட இடத்தில் வெளுத்ததற்குக் காரணம், ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த மோனோபென்சோன் என்ற ரசாயனம் என்று தெரிந்தது. (பின்னாளில் அதையே பூசி எலிகளையும் வெளுக்க வைத்தார்கள்.) மரத்தில் வடியும் பாலில் இது கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனால் ஆலையில் சேர்க்கும் இதுபோன்ற ரசாயனங்களால், செருப்பு வார் படும் இடம் மட்டும் வெளுத்து வருபவர்களை நம்மூரிலும் பார்க்கிறோம்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில் காட்டுங்கள். ஒளி சிகிச்சை, களிம்பு எது பொருந்தும் என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். போனில் பார்த்த மருந்தை நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம். போகும்போது அவள் போடும் கையுறையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.