நீட் ரிப்பீட்டர் டியூஷன் எடுக்கலாமா?

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்கள் பெண் ஒரு தடவை நீட் எழுதி, மதிப்பெண் போதாமல், இந்த வருடம் வீட்டிலிருந்தே மறுபடியும் படிக்கிறாள். சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகள் ஏழு பேருக்கு டியூஷன். "இருக்கிற நேரத்தையும் ஊர்ப் பிள்ளைக்கே கொடுத்துவிடு" என்று உங்கள் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணனோ, "டாக்டருக்குப் படிக்க அது ரொம்ப நல்லது, நிறுத்தச் சொல்லாதே" என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணன் சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே பெரும்பாலும் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பார்கள். எம்கேட் என்ற அந்த ஊர் மருத்துவ நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு, தான் செய்த வேலைகள், சேவைகள் என்று 15 அனுபவங்கள் வரை எழுத அந்த விண்ணப்பத்தில் இடம் உண்டு. அதில் கற்பித்தலுக்கென்று தனி வகையே இருக்கிறது. நேர்காணலிலும் கேட்பார்கள். இங்கே அந்தக் கதை இல்லை. எம்.பி.பி.எஸ். இடத்துக்கு வரிசையைத் தீர்மானிப்பது நீட் மதிப்பெண்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குள்ளும் அப்படித்தான். கவுன்சலிங்கில் உட்கார்ந்திருப்பவர் "டியூஷன் எடுத்தாயா?" என்று கேட்கப்போவதில்லை. "சமூக சேவை சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம், மெடிக்கல் சீட்டுக்கு உதவும்" என்று யாராவது பணம் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அதற்காக டியூஷனை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். யாருக்கு எடுக்கிறாள், எதை எடுக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

ஏழு பேரில் ஐந்து பேர் மூன்றாவது, நான்காவது படிக்கிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப்பாடம் எழுதவைத்து, வாய்ப்பாடு கேட்டு, நடுவில் சண்டை தீர்த்துவைத்து அனுப்புவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதில் கைக்காசு வரும், நீட்டுக்கு ஒன்றும் வராது. மீதி இருவர் பத்தாம் வகுப்பு, அறிவியல் பாடம். உங்கள் பெண்ணுக்கு லாபம் இந்த இரண்டு பேரால்தான்.

எப்படி என்று சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் ரத்த ஓட்டம் வருகிறது. தமனியில் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம், சிரையில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்று சொல்லிக்கொண்டே போகும்போது ஒரு பிள்ளை, "அக்கா, அப்புறம் ஏன் நுரையீரல் தமனியில மட்டும் மாறி இருக்கு?" என்று கேட்கும். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. ஆக்சிஜனை வைத்துப் பெயரிடவில்லை. உங்கள் பெண் இதை எத்தனையோ முறை படித்திருப்பாள். ஆனாலும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வாயெடுக்கும்போது ஒரு நிமிடம் தடுமாறுவாள். உடனே அடுத்த கேள்வி வரும்: இதயத்தின் இடது கீழறை, அதாவது இடது வெண்ட்ரிக்கிள், அதன் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன்? உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ள வேண்டுமே, அதனால்தான். வலது பக்கத்துக்கு நுரையீரல் வரை தள்ளினால் போதும்.

நீட்டில் கூற்று, காரணம் என்று கொடுத்துக் குழப்பும் கேள்விகள் இந்த 'ஏன்'களைத்தான் தொடுகின்றன. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 போய்விடும். சுத்தமாகத் தெரியாத கேள்வியைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அரைகுறையாகத் தெரிந்ததைத்தான் விடைத்தாள் வட்டத்தில் தைரியமாகக் கருப்படித்துவிட்டு வருவார்கள். எது அரைகுறை என்று தனியாகப் படிக்கும்போது தெரியாது. புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். இன்னொருவருக்குச் சொல்லும்போது அது வெளியே வந்துவிடும். எங்கே தடுமாறினாளோ அதை அன்று ராத்திரியே என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் தேடிப் படித்து ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் டியூஷனால் பாதிப் பலன்தான்.

உயிரியலுக்கு இது நன்றாக வேலை செய்யும். 180 கேள்வியில் 90 உயிரியல் என்பதால் சின்ன விஷயமும் இல்லை. வேதியியலில் மோல் கணக்கு போன்ற அடிப்படைக்கும் உதவும். இயற்பியலுக்கு இந்த வழியை நம்ப வேண்டாம். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலை எத்தனை முறை நடத்தினாலும் நீட் கணக்கு தானாக வந்துவிடாது, உட்கார்ந்து போட்டுத்தான் ஆக வேண்டும். தெரிந்த ரிப்பீட்டர் தோழி யாராவது இருந்தால், வாரம் ஒரு நாள் ஆளுக்கொரு பாடமாக ஒருவருக்கொருவர் நடத்திக்கொள்ளட்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடத்துக்கு அதுதான் பொருத்தம்.

இன்னொரு பலன் உண்டு. அது தெரிய நாலைந்து வருடம் ஆகும். "புரிந்ததா?" என்று கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டுவார்கள். "சரி, நீ எனக்குச் சொல்லு" என்றால்தான் விஷயம் தெரியும். புறநோயாளிப் பிரிவிலும் இதேதான். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பின்னால் போடுகிறவர்கள் எத்தனை பேர்! நோயாளியையே திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்ப்பது மருத்துவத்தில் சொல்லித்தரப்படும் முறை. நோயாளியிடம் பேசும் பயிற்சியை 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். உங்கள் பெண் அதை இப்போதே கொஞ்சம் பழகுகிறாள்.

இனி நேரக் கணக்கு. 2025 முதல் நீட் 180 கேள்விக்கு 180 நிமிடம், மதியம் 2 முதல் 5 வரை. மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில் எழுதிப் பழக வேண்டும். டியூஷன் ஆறு மணிக்கு மேல், வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாதிரித் தேர்வு நாளில் மட்டும் "பசங்க வந்துட்டாங்க" என்று எழுந்து போகிறாள் என்றால், அவள் தேர்வுக்குப் பயந்து டியூஷனுக்குள் ஒளிகிறாள். அப்போது திட்டாதீர்கள், உட்காரவைத்துப் பேசுங்கள்.

டியூஷன் பணம் வீட்டுக்கு அவசியமா என்று நீங்கள் எழுதவில்லை. அவசியம் என்றால் அதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் ஐந்து பேரையும் திடீரென்று நிறுத்தினால் வருமானம் இடிக்கும். அப்படியானால் அந்த நேரத்தைப் பாதியாக்கப் பாருங்கள். அவசியமில்லை என்றால் பக்கத்தில் டியூஷன் எடுக்கும் வேறு யாரிடமாவது இந்த மாதமே மாற்றிவிடலாம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் வரும். நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு. அந்த இரண்டு பிள்ளைகளுக்கு அக்கா அதிகம் தேவைப்படும் நேரமும், உங்கள் பெண்ணுக்கு ஒரு மணி நேரம்கூட விட முடியாத நேரமும் ஒன்றாகவே வந்து நிற்கும். அதனால் பொங்கலோடு நிறுத்திக்கொள்வாள் என்று அந்தப் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்களும் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமே.