விதைக்கு ஒன்று விடுங்கள்

வணக்கம் சார்,

ஸ்ரீரங்கத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரம்மா மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு தொட்டி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். போன வருஷம் விதைப் பாக்கெட் வாங்கிக் கத்தரியும் வெண்டையும் போட்டேன். முளை வந்த அன்று ஆபீசுக்குக் கிளம்பவே மனசு வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன முளைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே விளங்கவில்லை. தம்பி கணக்குப் போட்டுக் காட்டுகிறான்: தொட்டி, தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் எல்லாம் சேர்த்தால் என் கத்தரிக்காய் கடைக் கத்தரிக்காயைவிடப் பல மடங்கு விலையாம். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொன்று. அந்தக் கத்தரியில் ஒரு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து இந்த வருஷம் போட்டேன். தாய்ச்செடியில் எல்லாம் ஊதா நிற உருண்டைக் காய். இப்போது வந்திருப்பதில் ஒரு செடியில் நீளக் காய், ஒன்றில் வெளிறிய காய், இன்னொன்றில் வரி வரியாக. விதை எடுத்ததில் தப்பு செய்துவிட்டேனா? அடுத்து எதைப் போட்டால் நம்பி விதை எடுக்கலாம்?

அன்புடன்,
ரா., ஸ்ரீரங்கம்

அன்புள்ள ரா.,

தம்பி சொல்வது கணக்காகச் சரி. அதில் அவரோடு வாதாட வேண்டாம். பத்துத் தொட்டியை வைத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டோடு போட்டி போட முடியாது, அதற்காக நீங்கள் செடி வைக்கவும் இல்லை. ஆனால் ஒரு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டில் செடி வைக்கிற நிறையப் பேர் காய் பறித்ததோடு நின்றுவிடுகிறார்கள், அடுத்த பருவத்துக்கு மறுபடியும் பாக்கெட். நீங்கள் விதையிலிருந்து விதை வரைக்கும் போய் வந்திருக்கிறீர்கள். உங்கள் சந்தோஷத்துக்கு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் கத்தரி. உங்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் வாங்கிய பாக்கெட்டில் ஹைபிரிட் என்றோ எஃப்1 என்றோ போட்டிருக்கும், பாருங்கள். இரண்டு வேறு வேறு ரகங்களைக் கலப்புச் செய்து எடுக்கும் முதல் தலைமுறை அது. அந்தத் தலைமுறை மட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருக்கும். அதிலிருந்து விதை எடுத்தால் பாட்டன் பாட்டி குணமெல்லாம் பிரிந்து பிரிந்து வெளியே வரும். இன்று செக் குடியரசில் இருக்கும் பிர்னோவில், ஒரு மடத்துத் தோட்டத்தில் மெண்டல் என்ற துறவி பட்டாணியில் பார்த்தது இதையேதான். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தார், பிறந்ததெல்லாம் நெட்டை. அந்த நெட்டைகளின் விதையைப் போட்டு எண்ணினார். 1064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. 1866-ல் இது அச்சில் வந்தது. இந்தக் கணக்கில் அவர் ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணினார். உங்கள் மாடியில் நிறம், நீளம், வரி எல்லாமே ஒரே சமயத்தில் பிரிந்து நிற்கிறது, அதனால்தான் கண்ணைக் கட்டுகிறது. போதாக்குறைக்குக் கத்தரிப்பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ வந்தால் அடுத்த தெரு மாடியிலிருந்தும் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

அந்தச் செடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். சமைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றின் ருசி பிடித்துப்போனால் அதில் மட்டும் விதை எடுங்கள், அடுத்த முறையும் அதேபோல் பிடித்ததில் மட்டும். ஏழெட்டுத் தலைமுறை விடாமல் செய்தால் குணம் ஓரளவு நிலைத்துவிடும். ஊருக்கு ஊர் ஒரு கத்தரி என்று நம்மிடம் இருப்பதெல்லாம் யாரோ இப்படிப் பார்த்துப் பார்த்து விதைக்கு எடுத்து நிலைநிறுத்தியதுதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் முள்ளு கத்தரியும் அப்படித்தான் நம் கைக்கு வந்திருக்கிறது.

இனி அந்த முளைக்கு வருகிறேன். ஆபீசுக்குக் கிளம்ப மனசு வரவில்லை என்றீர்களே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெண்டை முளை எப்படி வெளியே வருகிறது என்று கிட்டத்தில் பார்த்திருப்பீர்கள். தலையை நீட்டிக்கொண்டு வராது, கூன் போட்டு முதுகால்தான் மண்ணைத் தள்ளும். நுனிக்குருத்து மண்ணில் உரசிக் கெடக்கூடாது என்பதற்காக அது கீழ்நோக்கி மடங்கியிருக்கிறது. வெளிச்சம் பட்ட பிறகுதான் கூன் நிமிர்கிறது, அதற்கப்புறம்தான் விதையிலை இரண்டும் விரிகின்றன. மண்ணுக்குள் இருட்டில் இருக்கும்போதே மேலே எது, கீழே எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பூசணி, சுரை விதைகளில் இன்னும் ஒரு வேலை நடக்கும். வேரும் தண்டும் சேரும் இடத்தில், கீழ்ப்பக்கமாக, ஒரு சின்ன ஆப்பு போன்ற புடைப்பு உண்டாகி விதையின் மேலோட்டை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், தண்டு மேலே இழுக்க விதையிலைகள் ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வரும். டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880-லேயே இதை விவரித்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த விதைகளைப் படுக்கை வாக்கில் ஊன்றச் சொல்கிறேன். ஏறுமாறாகக் கிடந்தால் பிடி கிடைக்காமல் ஓட்டைத் தலையில் தொப்பிபோல் சுமந்துகொண்டே வெளியே வந்து, இலை விரிக்க முடியாமல் திணறும். அப்படி ஏதாவது வந்தால் ஓட்டின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள், பிய்க்காதீர்கள்.

கடையில் வாங்கும் நாற்றில் இவ்வளவும் நமக்குத் தெரியாமல் எங்கேயோ நடந்து முடிந்திருக்கும். நாற்று வாங்குவது குற்றமில்லை, நானே மல்லிகைக்குப் பதியன்தான் வாங்குவேன். ஆனால் விதை போட்டவருக்கு மட்டும் அந்த ஆரம்பம் கிடைக்கிறது.

அதேபோல் முடிவும். நம் சமையலறைக்கு வரும் காய்களை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி, பாகல் எல்லாமே பிஞ்சு. செடி செய்ய நினைத்த வேலை பாதியில் இருக்கும்போதே பறித்துவிடுகிறோம். வெண்டை பூத்து ஆறேழு நாளில் பறித்தால்தான் விரலால் ஒடிக்க முடியும், அதே காயில் விதை முற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கத்தரி பழுத்தால் மஞ்சளாகும் என்பதே பட்டணத்தில் பலருக்குத் தெரியாது, பார்த்ததே இல்லையே. பீர்க்கங்காயைக் கொடியிலேயே காயவிட்டால் உலுக்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும், விதையைக் கொட்டிக்கொண்டு கூட்டை முதுகு தேய்க்க வைத்துக்கொள்ளலாம். நாம் தினமும் தின்கிற ஒரு காயின் முழு ஆயுசைப் பார்க்க வேண்டுமானால் ஒன்றையாவது பறிக்காமல் விட்டாக வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு, தம்பியிடம் அதையும் சொல்லிவிடுங்கள். ஒரு வெள்ளரியோ வெண்டையோ விதைக்கு முற்ற ஆரம்பித்ததும் செடி தன் பலத்தை அதற்குத் திருப்பிவிடும், மேற்கொண்டு பூப்பது குறையும். அதுவும் கடைசியில் மிஞ்சிய சூம்பல் காயை விடக்கூடாது, நன்றாகக் காய்க்கும் செடியில் திரட்சியான காயைத்தான் விட வேண்டும். வாய்க்குப் போக வேண்டியதில் நல்லதை எடுத்து வைப்பதுதான் விதை. எங்கள் வீட்டில் கொல்லைச் சுவரில் பூசணி விதையைச் சாணத்தில் பதித்துத் தட்டி வைத்திருப்பார்கள், சுரையை முழுசாக அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பஞ்ச காலத்திலும் அதில் கை வைக்க மாட்டார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இளையான்குடி மாற நாயனார் கதை நினைவிருக்கும். மழை கொட்டும் ராத்திரியில் பசியோடு வந்த அடியாருக்குச் சோறு போட வீட்டில் ஒன்றுமில்லை, அன்று பகலில் விதைத்த நெல்முளையை இருட்டில் போய்த் தடவி அள்ளிக்கொண்டு வந்தார், வளர்ந்து முடியாத கீரையைப் பறித்துக் கறியாக்கினார். அந்தக் கதையைக் கேட்கிற விவசாயிக்கு நெஞ்சு அடைத்துப்போவது வீட்டுக் கூரையைப் பிரித்து அவர் அடுப்பெரித்ததற்காக இல்லை, விதைத்ததைத் திரும்ப எடுத்தார் என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

விதை எடுக்க ஆரம்பித்தால் இன்னொன்றும் நடக்கும். தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். ஒரு கத்தரிப் பழத்தில் இருக்கும் விதை ஒரு தெருவுக்கே போதும், கொடுத்துத்தான் தீர வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கிக்கொண்டு போகிறவர் மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு. எத்தனையோ பாரம்பரிய ரகங்கள் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவின. 2018-ல் அவர் போய்விட்டார், அந்த நெல் இன்னும் வயலில் நிற்கிறது. நம் மாடியில் நெல் போட முடியாது, சரி. பக்கத்து வீட்டுக்குப் பத்து விதை கொடுத்து, காய்த்ததும் இருபதாகத் திருப்பிக் கேட்கலாம் இல்லையா? உங்கள் செடி ஒரு வருஷம் பட்டுப்போனாலும் அந்த வீட்டில் உயிரோடு இருக்கும்.

இனி எதைப் போடுவது என்ற கேள்வி. அவரை போடுங்கள், நாட்டுக் கொடி அவரை. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் அவ்வளவு சுலபமாகக் கலக்காது. தக்காளியும் அப்படித்தான், நாட்டுத் தக்காளியாகப் பார்த்து வாங்குங்கள். சுரை, பூசணி, பீர்க்கில் ஆண்பூ வேறு பெண்பூ வேறு, பூச்சி எங்கிருந்தும் மகரந்தம் கொண்டுவரும். இப்போதைக்கு அவற்றைச் சமையலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: வீட்டு விதையில் வந்த சுரைக்காய் கொஞ்சம் கசந்தாலும் சாப்பிடாதீர்கள். சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசக்கும் சுரையில் இருப்பது விஷம், ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

அவரையை ஆடியில் ஊன்றுங்கள். ராத்திரி ஊறவைத்த விதை, விதையின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம், பெரிய தொட்டி, ஏறுவதற்குக் கயிறு. தண்ணீரை அளவாக விடுங்கள், ஈரம் சொதசொதவென்று நின்றால் நாற்றழுகல் வந்து முளை அடித்தண்டோடு சாய்ந்துவிடும். எறும்பு வந்தால் விளிம்பில் மஞ்சள்தூளோ சாம்பலோ. ஆவணி, புரட்டாசியெல்லாம் கொடி வெறும் இலையாக ஓடும், ஒரு பூவும் வராது, தம்பி கேலி செய்வார். கொடி அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பூத்து மார்கழி, தையில் காய்க்கும். அதில் நன்றாக நிறைந்த ஐந்தாறு காயில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள், வீட்டில் யாரும் மறந்து பறித்துவிடாமல் இருக்க. தோல் வைக்கோல் நிறமாகி ஆட்டினால் சத்தம் வரும்போது எடுத்து, நிழலில் காயவைத்து, சாம்பலோ காய்ந்த வேப்பிலையோ சேர்த்து மூடி வையுங்கள். வண்டு துளைக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

விதைக்கு அலைய வேண்டாம். என்னிடம் ஊதா விளிம்புள்ள கொடி அவரை இருக்கிறது, இங்கே மூன்று வீடுகளில் காய்க்கிறது. ஆனி மாதம் முகவரியைத் தனியாக எழுதி அனுப்புங்கள், பத்து விதை தபாலில் போடுகிறேன். தை முடிந்ததும் இருபது வர வேண்டும்.

அன்புடன்.