இரண்டு வருட போஸ்ட்டாக்கில் உண்மையில் கையில் இருப்பது ஒரு வருடம்

தம்பி, மியூனிக் பக்கம் கார்ஹிங்கில் பெருங்கருந்துளைகளின் எக்ஸ் கதிர் ஆய்வுக்கு இரண்டு வருட போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப்பணி) கிடைத்திருக்கிறது, அக்டோபரில் சேர்கிறேன், குளிர், சாப்பாடு, சம்பளம் எல்லாம் எப்படி, வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கான கோட்டு இங்கே வந்து வாங்குங்கள். அரிசி, பருப்பு தாராளமாகக் கிடைக்கும். கடைசியாகக் கேட்டீர்களே, அதுதான் கேள்வி.

வந்து இறங்கியதும் எல்லோரும் புது அவதானிப்புக்கு விண்ணப்பம் எழுத உட்காருகிறார்கள். காலக்கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியான எக்ஸ்எம்எம்-நியூட்டனுக்கு ஆகஸ்டில் அழைப்பு வரும், அக்டோபரில் கடைசி நாள், டிசம்பர் வாக்கில் முடிவு. அந்தச் சுற்றின் அவதானிப்புகள் அடுத்த மே மாதம்தான் தொடங்கி, அதற்கடுத்த ஏப்ரல் வரை நடக்கும். நீங்கள் பார்க்கக் கேட்ட பொருள் அந்தச் சுற்றின் கடைசியில் விழுந்தால் தரவு வரும்போது ஒப்பந்தத்தில் ஆறு மாதம்கூட மிஞ்சியிருக்காது. அடுத்த வேலைக்கான விண்ணப்பங்களோ இரண்டாம் வருடத் தொடக்கத்திலேயே, செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் போயாக வேண்டும். அன்றைக்கு உங்கள் பெயர் முதலில் இருக்கும் கட்டுரை ஒன்று வெளிவந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் கட்டுரையைப் பழைய தரவிலிருந்து எழுதுங்கள். எக்ஸ்எம்எம் தரவு வழக்கமாக ஒரு வருடத்தில் பொதுவுக்கு வந்துவிடும். ரஷ்யச் செயற்கைக்கோளில் இருக்கும் ஜெர்மன் எக்ஸ் கதிர் தொலைநோக்கி ஈரோசிட்டா; அதன் தரவில் ஜெர்மன் பங்கின் முதல் வெளியீடு 2024 ஜனவரி 31 அன்று வந்தது. சுமார் 9 லட்சம் எக்ஸ் கதிர் மூலங்கள், அதில் 7 லட்சத்துக்கு மேல் தொலைதூரப் பெருங்கருந்துளைகள். அதில் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

ஒரே செயற்கைக்கோளை நம்பி வாழ்க்கையைக் கட்டாதீர்கள். ஜப்பானின் எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் ஹிட்டோமி 2016 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்டு, மார்ச் 26 அன்று தொடர்பு அறுந்து போனது. அதை நம்பி ஒப்பந்தம் போட்டவர்களின் திட்டங்களும் அதோடு போயின. ஈரோசிட்டா எட்டு முறை முழு வானத்தையும் அலச வேண்டியது. ஐந்தாவது பாதியில் இருக்கும்போது, உக்ரைன் போரால் 2022 பிப்ரவரி 26 அன்று நிறுத்தப்பட்டது. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு நாள்களும் இன்னும் மறக்கவில்லை.

விண்ணப்பம் எழுதும்போது புதியவர்கள் ஏமாறும் இடம் நேரக்கணக்கு. பிரகாசமான பொருளுக்கு, ஃபோட்டான்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இருக்க, எக்ஸ்எம்எம்மின் பிஎன் கேமராவைச் சிறு சாளர முறையில், அதாவது ஒரு சிறு பகுதியை மட்டும் வேகமாகப் படிக்கும்படி வைப்போம். அந்த முறையில் கருவி உண்மையில் எண்ணுவது 71 சதவீத நேரம்தான். 100 கிலோ வினாடி கேட்டால் 71 ஆகிவிட்டது. அதன்மேல் புரோட்டான் வீச்சு வேறு, புரோட்டான்கள் திடீரென வந்து விழுந்து தரவைக் கெடுக்கும். 10 முதல் 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரே பிக்சலில் பதிந்த ஒற்றை நிகழ்வுகளை மட்டும் எடுத்து, எண்ணிக்கை வினாடிக்கு 0.4க்கு மேல் போகும் நேரப் பகுதிகளை வெட்டினால் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு போவது சாதாரணம். மிஞ்சுவது 50க்குக் கீழே. அதற்குச் சேர்த்துக் கேளுங்கள்.

நிறமாலையில் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும் இரும்பின் கோடு சிவப்புப் பக்கம், அதாவது குறைந்த ஆற்றல் பக்கம், அகன்று தெரிந்தால் உடனே கருந்துளையின் சுழற்சி என்று எழுதிவிடாதீர்கள். பாதி மறைக்கும் வாயுத்திரளும் 10க்குக் கீழே அதே வடிவத்தைத் தரும். பிரித்தறிய 20, 30 வரை பார்க்க வேண்டும், அதற்கு உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களைப் பார்க்கும் நாசாவின் நூஸ்டார் தொலைநோக்கியும் ஒரே நேரத்தில் வேண்டும். என்ஜிசி 1365 என்ற விண்மீன் மண்டலத்தில் அப்படித்தான் செய்தார்கள். எக்ஸ்எம்எம் விண்ணப்பத்திலேயே நூஸ்டார் நேரத்தையும் கேட்கலாம்.

சம்பளம் ஜெர்மன் பொதுத்துறை ஊதியப் பட்டியலில் இ13 நிலை என்றால், கல்யாணமாகாதவருக்குக் கைக்கு வருவது சுமார் 60 சதவீதம். ஊரில் மொத்தத் தொகையை மட்டும் சொல்லிப் பெருமைப்படும் நம்மவர்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வீட்டு முன்பணம், மின்சாரம், சூடேற்றும் செலவு சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. மூன்று தவணையாகவும் கட்டலாம். குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. அதைத் தர மறுப்பவரிடம் வீடு எடுக்காதீர்கள்.

"ஆங்கிலம் போதும்" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நம்மூர்க்காரர்கள் இங்கே நிறைய. ஆய்வுக்கூடத்தில் போதும். வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் ஜெர்மனில்தான் வரும், அப்போது அவர்கள் யாரையாவது தேடி ஓடுவார்கள். மொழி கைவந்த பிறகுதான் இந்த ஊர் எனக்கு ஊராயிற்று. முதல் மாதமே வகுப்பில் சேருங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஆய்வாளர்களுக்குத் தரும் மேரி கியூரி உதவித்தொகைக்கு, கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல், எந்த நாட்டில் வேலை செய்யக் கேட்கிறீர்களோ அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் முடியும். நீங்கள் அக்டோபரில் வருவதால், ஜெர்மனிக்குள் வேறு நிறுவனத்துக்குப் போட அடுத்த செப்டம்பர் ஒன்றுதான் வாய்ப்பு. அதைத் தவறவிட்டால் வேறு நாட்டைத்தான் பார்க்க வேண்டும். ஜூனிலேயே வழிகாட்டியைப் பிடித்துவிடுங்கள்.