சுத்த ரத்தமும் சொந்தத்தில் கல்யாணமும்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களில் ஹாரி பாட்டர் வரிசையை ஒரே மூச்சில் படித்தவள் நான். இப்போது என் மகள் படிக்கிறாள், கூடவே நானும் மறுபடி படிக்கிறேன். ஆறாவது புத்தகத்தில், வில்லன் வால்டமோர்ட்டின் தாய்வழியான காண்ட் குடும்பம் வரும் இடத்தில் நின்றுவிட்டேன். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டதால்தான் அந்த வம்சத்தில் புத்திக் கோளாறும் முரட்டுத்தனமும் வளர்ந்தன என்று ஹாரியின் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் சொல்கிறார். என் அம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். பிள்ளைகள் மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். முதல்முறை படித்தபோது உறைக்காதது இப்போது உறைத்தது. மகள் முன்னால் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்க முடியவில்லை. கதையை எழுதிய ரௌலிங் எங்களைப் போன்றவர்களைத்தான் சொல்கிறாரா?

இன்னொன்று மகள் கேட்டது: ஹாரியின் நண்பன் ரானின் குடும்பமான வீஸ்லிகளும் சுத்த ரத்தம் (மந்திரவாதிகள் மட்டுமே உள்ள வம்சம்) தானே, அப்புறம் ஏன் மற்றவர்கள் அவர்களை ரத்தத் துரோகிகள் என்கிறார்கள்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எஸ்.,
திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். அவள் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் சங்கடம்.

அந்தப் பக்கம் எனக்கும் உவப்பானதல்ல. காண்ட் வீட்டை நினைத்துப் பாருங்கள். கதவில் ஆணியடித்து மாட்டிய செத்த பாம்பு. பல் போன, இரண்டு கண்ணும் இரண்டு திசையில் பார்க்கும் மார்ஃபின். ஒரு மூலையில் அழுக்குப் பாத்திரங்களோடு நடுங்கிக்கொண்டு நிற்கும் மெரோப்பி. மந்திர அமைச்சகத்து அதிகாரி வந்திருக்கும்போது அப்பன் மார்வோலோ என்ன செய்கிறான்? தங்கள் குலப்பெருமையைக் காட்ட, மகள் கழுத்தில் கிடக்கும் லாக்கெட்டின் சங்கிலியைப் பிடித்து அவளை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்துகிறான். அவளுக்கு மூச்சுத் திணறுகிறது, அவன் கண் சங்கிலியின் முனையில் தொங்கும் சின்னத்தில் இருக்கிறது. இந்த ஒரு காட்சியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வறுமை, அடி, ஊரோடு ஒட்டாத தனிமை எல்லாம் கண்ணெதிரே இருக்கும்போது, ‘ஒன்றுவிட்ட சொந்தத்தில் கட்டிக்கொண்டே வந்தார்கள்’ என்ற விளக்கம் தேவையே இல்லை. திறமைகளைவிடத் தேர்வுதான் மனிதனைக் காட்டுகிறது என்று இரண்டாவது புத்தகத்திலேயே சொன்ன டம்பிள்டோர் வாயில் அந்த வரியை வைத்தது எழுத்தாளரின் சறுக்கல் என்றே நினைக்கிறேன். அதே கதையில் வால்டமோர்ட் யார்? மெரோப்பிக்கும், துளியும் சொந்தமில்லாத, மந்திரமே தெரியாத ஒருவனுக்கும் பிறந்தவன். அந்த வம்சத்தின் ஆகக் கொடியவன் சொந்தத்துக்கு வெளியே நடந்த கல்யாணத்தில் பிறந்தவன். ரத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கதையே தப்பாகிவிடும்.

அதற்காக மரபியலைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. மாமன் மகள், அத்தை மகன் கட்டிக்கொண்டால் பிள்ளையின் மரபணு ஜோடிகளில் சராசரியாக 16-ல் ஒன்று, இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்ததாக இருக்கும். அக்கா மகளைக் கட்டினால் 8-ல் ஒன்று. மறைந்து கிடக்கும் பிறவிக் கோளாறு வெளியே வர வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. கூடிய பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள், உங்கள் வீட்டைப் போல. அடுத்தடுத்த தலைமுறைகளும் அதையே செய்தால்தான் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அது எங்கே போய் முடியும் என்பதற்குக் கற்பனைக் குடும்பம் தேவையில்லை. ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம் இருக்கிறது.

மன்னர் நான்காம் பிலிப்பின் பட்டத்துக்குரிய ஒரே மகன் பால்டசார் கார்லோஸுக்கு, பிலிப்பின் தங்கை மகள் மரியானாவை நிச்சயம் செய்திருந்தார்கள். நம் முறைப்படியே அத்தை மகள். 1646-ல் அந்தப் பையன் இறந்துபோனான். மனைவியையும் இழந்திருந்த பிலிப், மகனுக்குப் பேசிய பெண்ணைத் தானே கட்டிக்கொண்டார். 1649-ல் கல்யாணம், அவருக்கு 44 வயது, அவளுக்கு 14. தாய்மாமன் அக்கா தங்கை மகளைக் கட்டுவதைத் திருச்சபை தடுத்திருந்தது, ஆனால் அரச குடும்பம் கேட்டால் போப்பிடமிருந்து விலக்கு கிடைத்துவிடும். இந்த ஜோடியின் மகன்தான் இரண்டாம் கார்லோஸ். நாலு வயதுவரை பேச்சு வரவில்லை, எட்டு வயதுவரை நடை வரவில்லை என்கிறார்கள். இரண்டு கல்யாணம் செய்துவைத்தும் வாரிசு இல்லை. 1700 நவம்பர் 1 அன்று 38 வயதில் இறந்தார்.

2009-ல் சான்டியாகோ தெ கொம்போஸ்தெலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கிட்டார்கள். 200 ஆண்டுகளில் ஸ்பெயின் அரச கிளையில் நடந்த 11 கல்யாணங்களில் 9 நெருங்கிய சொந்தத்துக்குள் நடந்தவை. தாய்மாமன் கல்யாணம் என்பதற்காக மட்டும், ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஜோடிகள் கார்லோஸுக்கு இருந்திருக்க வேண்டிய அளவு 12.5 சதவீதம், அதே 8-ல் ஒன்று. கணக்கில் வந்ததோ 25.4, கூடப்பிறந்தவர்கள் இருவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வரும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். மீதிப் பாதி முன்னோர்கள் சேர்த்து வைத்துவிட்டுப் போனது. 1527 முதல் 1661 வரை அந்த அரண்மனையில் பிறந்த 34 குழந்தைகளில் 17 பேர் பத்து வயதைத் தாண்டவில்லை. மருத்துவரும் தாதியும் சூழ்ந்திருந்த வீட்டில் இந்த நிலை.

கார்லோஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவருடைய அக்காவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெலாஸ்கெஸ் 1656-ல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் நடுவில் வெளிச்சத்தில் நிற்கும் பொன்முடிச் சிறுமி அவள்தான், மார்கரிட்டா தெரேசா. அவள் வளர வளர வரைந்த படங்களை மாட்ரிட்டிலிருந்து வியன்னாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே பேரரசர் லியோபோல்ட், அவள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, மாப்பிள்ளையாகக் காத்திருந்தார். 1666-ல், 15 வயதில் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகும் புருஷனை மாமா என்றே கூப்பிட்டாள் என்பார்கள். ஆறு வருஷத்தில் நாலு பிள்ளை பெற்றாள், அதில் தப்பியது ஒன்று. 21 வயதில் போய்ச் சேர்ந்தாள். இந்தக் கதையில் என்னால் ஜீரணிக்க முடியாதது இதுதான். சாம்ராஜ்யம் கை மாறக் கூடாது என்று ஆண்கள் முடிவு செய்தார்கள், விலையைக் கொடுத்தது அந்தப் பெண்ணின் உடம்பு.

ஹாப்ஸ்பர்க்குகளுக்குப் பெரிய நோக்கம் நிலமும் பட்டமும். ஆனால் அவர்கள் ஆண்ட நாட்டில் ரத்தச் சுத்தம் என்பது சட்டமாகவே இருந்தது. 1449-ல் டொலேடோ நகரில் தொடங்கியது. யூத, இஸ்லாமிய முன்னோர் இருந்தால் பல பதவிகளுக்கும் மதச் சபைகளுக்கும் கல்லூரிகளுக்கும் கதவு சாத்தியிருக்கும். நீங்கள் எவ்வளவு பக்தியான கிறிஸ்தவர் என்பது கேள்வியே இல்லை. பாட்டன் பூட்டன் யார் என்று வம்சாவளி எழுதிக் காட்ட வேண்டும், சாட்சி வேண்டும். ரௌலிங்கின் மந்திர உலகத்தில் 1930-களில் ஒரு கையேடு வருகிறது, கலப்பில்லாத குடும்பங்கள் 28 என்று. அதைப் படித்தபோது எனக்கு டொலேடோதான் நினைவுக்கு வந்தது. பாட்டர் குடும்பத்துக்கு அதில் இடமில்லை, அந்தப் பெயர் சாதாரண மக்களிடமும் புழங்குகிறது என்பதால்!

சரி, நம் வீடுகளுக்கு வருவோம். நம் ஊரில் சொந்தத்தில் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. மாமன் மகள் முறைப்பெண், சித்தப்பா மகள் தங்கை. கதையில் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள், சுத்த ரத்தப் பெருமை பேசும் வீடு அது. அவன் அப்பா ஓரியன், அம்மா வால்பர்கா, இரண்டு பேரும் பிறப்பிலேயே பிளாக். இருவரின் அப்பாவழிக் கொள்ளுத்தாத்தாவும் ஃபினியஸ் நைஜெலஸ் என்ற ஒரே ஆள்தான். அதாவது நம் கணக்கில் பங்காளி வீடு, கூடப்பிறந்தார் முறை. உங்கள் பாட்டியிடம் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்! ஆனால் மரபியல் கணக்கில் இது உங்கள் பெற்றோருடையதைவிட எவ்வளவோ தூரத்துச் சொந்தம், 64-ல் ஒன்றுதான். அந்த வீட்டில் நடந்த கொடுமைகளுக்கு இந்த 64-ல் ஒன்றைக் காரணம் காட்ட முடியாது. ஆகவே ரௌலிங்கின் கோபம் சொந்தத்தில் கட்டியதன் மேல் இல்லை. மற்ற எல்லோரும் தாழ்ந்தவர்கள், அதனால் நமக்குள்ளேயே கட்டுகிறோம் என்கிற திமிரின் மேல்தான். சொந்தத்தில் கட்டுவதை நம் ஊரில் சொத்துக்காகச் செய்தார்கள், பழகிய இடம் என்று செய்தார்கள், அதில் பெண்களுக்கு அநியாயமும் நடந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனை மனிதனே இல்லை என்று சொல்லிக் கட்டியது வேறு விஷயம், அது சாதிக் கணக்கு. அந்த வகையில் பார்த்தால், சொந்தத்துக்கு வெளியே ஆனால் சாதிக்கு உள்ளே என்று வலை போட்டு வரன் தேடும் படித்த குடும்பம்தான் பிளாக் குடும்பத்துக்கு உங்கள் பெற்றோரைவிட நெருக்கம்.

இனி உங்கள் மகளின் கேள்வி. ஐந்தாவது புத்தகத்தில் பிளாக் குடும்பத்தின் கிரிம்மால்ட் பிளேஸ் வீட்டுச் சுவரில் வம்சாவளி நெய்த பழைய திரைச்சீலை ஒன்று தொங்குகிறது. அதில் சில பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில், சிகரெட்டால் சுட்டதைப் போலச் சின்னச் சின்னக் கருகல் ஓட்டைகள். வீட்டை விட்டு ஓடிய சிரியஸ், அவனுக்குப் பணம் விட்டுச்சென்ற தாய்மாமா அல்ஃபார்ட், மந்திரமில்லாத பெற்றோருக்குப் பிறந்த டெட் டாங்ஸைக் கட்டிக்கொண்ட அவன் மாமன் மகள் ஆண்ட்ரோமிடா. இந்த மரத்தை ரௌலிங் பிற்பாடு கையால் வரைந்து ஓர் அறப்பணி ஏலத்துக்குக் கொடுத்தார். அதில் செட்ரெல்லா என்ற பெயரும் கருகியிருக்கிறது. அவள் கட்டிக்கொண்டது செப்டிமஸ் வீஸ்லியை. அந்த 28-ல் வீஸ்லியும் ஒன்று, சுத்த ரத்தம்! அப்படியும் சுட்டுவிட்டார்கள். பட்டியலில் தங்கள் பெயர் வந்ததற்கு எதிர்ப்புத் தெரிவித்த குடும்பம் வீஸ்லி என்பது நினைவிருக்கட்டும். சுத்தம் என்று ஒன்று உண்டு என்பதையே அவர்கள் ஏற்கவில்லை. அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பில்லை.

ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: யார் ரத்தத்திலும் சுத்தம் என்று எதுவும் இல்லை, அந்தக் குடும்பங்கள் வேண்டாத பெயர்களை அழித்து அழித்துச் சுத்தத்தை உண்டாக்குகின்றன. தாத்தா ஒருவர் வெளியே கட்டியிருப்பார், அவர் பெயரைச் சுட்டுவிட்டால் மரம் மறுபடி சுத்தம். ஏழாவது புத்தகத்தில் வால்டமோர்ட், ஆண்ட்ரோமிடாவின் சகோதரியும் தன் அடியாளுமான பெல்லாட்ரிக்ஸிடம் மரத்தைக் கவாத்து செய்யச் சொல்கிறான், நோய் பிடித்த கிளையை வெட்டு என்கிறான். கிளை என்று அவன் சொல்வது அந்த ஆண்ட்ரோமிடாவின் மகளை, பெல்லாட்ரிக்ஸுக்கு மகள் முறையானவளை. சொல்பவனோ பாதி ரத்தம், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை.

பிளாக் பெயர் சிரியஸோடு முடிந்தது, வீடு ஹாரிக்குப் போனது. ஸ்பெயினிலும் முடி பிரெஞ்சு பூர்போன் வம்சத்துப் பையனுக்குப் போனது, அதற்காக 1701-லிருந்து 1714 வரை ஐரோப்பா அடித்துக்கொண்டது. பிளாக் சகோதரிகள் மூவரில் எனக்குப் பிடித்தவள் ஆண்ட்ரோமிடா. கணவனை, மகளை, மருமகனை அந்தப் போரில் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தைப் பேரனை வளர்த்தவள். ஏழு புத்தகத்திலும் அவள் நேரில் வருவது ஒரே ஒரு இடத்தில், சில பக்கங்கள்தான். அவளுக்கு ஓர் அத்தியாயமாவது கொடுத்திருக்கலாம் என்ற குறை எனக்கு இன்னும் உண்டு. ஏழாவதில் அந்தப் பக்கங்கள் வரும்போது அவசரப்படாமல் படியுங்கள், இருவரும்.