எம்.ஹெச்.ஏ. படிக்க 6 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்திருக்கிறாள். சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மருத்துவமனை நிர்வாகம், அதாவது எம்.ஹெச்.ஏ., சேர்ந்தே தீருவேன் என்கிறாள். இரண்டு வருடத்துக்கு விடுதியோடு சேர்த்து 6 லட்சம். முழுக்கக் கடன்தான். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்கிறார்கள். கணவர் அச்சகத்தில் வேலை செய்கிறார்; ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம். வங்கியில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார்களோ என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகாசி

பதில்: முதலில் பத்திரத்தைப் பற்றிய பயம். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கிடையாது. 4 லட்சத்தைத் தாண்டினால் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம். ஆனால் கடனில் மகளோடு உங்கள் கணவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவள் கட்டாவிட்டால் வங்கிக்காரர் போன் செய்வது அவருக்குத்தான்.

இனி, அவள் கட்ட முடியுமா என்பது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 22 வருடம் இருந்தேன். ரிசப்ஷனில் சேர்ந்து, ஆபரேஷன்ஸ் மேனேஜராக ஓய்வு பெற்றேன். எம்.ஹெச்.ஏ. முடித்து வந்த பிள்ளைகளுக்கு நாங்கள் கடைசியாகக் கொடுத்த ஆரம்பச் சம்பளம் 18,000 முதல் 22,000 வரை. ஆர்டரில் 20,000 என்றிருந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கைக்கு வருவது 18,000 சொச்சம்.

கடன் பக்கம் பாருங்கள். படிக்கும் 2 வருடமும் அதற்கு மேல் 1 வருடமும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 10.5 சதவீத வட்டியில், செமஸ்டருக்கு ஒன்றரை லட்சமாக வாங்கினால், தவணை தொடங்கும் நாளில் 6 லட்சம் 7.42 லட்சமாகியிருக்கும். 10 வருடத்தில் அடைக்க மாதம் 10,000 ரூபாய். மிச்சம் 8,000 சென்னையில் லேடீஸ் ஹாஸ்டலுக்கே சரியாகிவிடும். 15 வருடமாக நீட்டினால் மாதம் 8,200தான், ஆனால் மொத்தம் பதினான்கே முக்கால் லட்சம் கட்டியிருப்பாள். வட்டிக்கு வருமான வரி விலக்கு உண்டு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 20,000 சம்பளத்துக்கு வரியே இல்லை, அப்புறம் விலக்கு எதற்கு?

அந்த 'நூறு சதவீதம்' பற்றி ஒரு கதை. ஒரு கல்லூரியின் பிளேஸ்மென்ட் பட்டியலில் எங்கள் மருத்துவமனையின் பெயரே இருந்தது. விசாரித்தால், எங்களிடம் மூன்று மாதம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். நாங்கள் கொடுத்தது மதியச் சாப்பாடும் பஸ் காசும்.

படிப்பு வீண் என்று சொல்லவில்லை. தரச்சான்று வேலை, அதாவது என்.ஏ.பி.ஹெச். என்ற தேசியத் தரச்சான்று அமைப்பின் தணிக்கைக்கு ஆஸ்பத்திரியைத் தயார் செய்வது, தெரிந்தவர்கள் நான்கைந்து வருடத்தில் 40,000 தொட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னிடம் வேலை கற்று எனக்கு மேலே போனவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பல் டாக்டர், இன்னொருவர் பத்து வருடம் நர்ஸாக இருந்தவர். மேல் நாற்காலிகளுக்கு மருத்துவப் பின்னணி உள்ளவர்களைத்தான் நிர்வாகங்கள் முதலில் தேடும். பி.எஸ்சி.யோடு வருபவர் கூடுதலாக ஓட வேண்டும்.

அதனால் இந்த வருடம் சேர்க்க வேண்டாம் என்பதே என் எண்ணம். மதுரையிலோ விருதுநகரிலோ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனையில், இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒரு வருடம் வேலை பார்க்கட்டும். 12,000 கொடுத்தாலும் சரி. காலை 11 மணிக்கு டாக்டர் டிஸ்சார்ஜ் சொல்லிவிட்டுப் போவார். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகாது, மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்த பார்மஸி கணக்கு வராது, இன்சூரன்ஸ் கம்பெனி புதிதாக ஒரு கொயரி போடும். ஐந்து மணி வரை பையைக் கட்டிவைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இவள்தான் பதில் சொல்ல வேண்டும். அது பிடித்துப்போனால் அடுத்த வருடம் தைரியமாகச் சேரட்டும்.

அப்போதும் இரண்டு விசாரணை பாக்கி. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பதால் மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு உங்களுக்கு வாய்ப்பு உண்டு. கிடைத்தால் மேலே சொன்ன 1.42 லட்சம் ஏறாது. அந்தக் கல்லூரியும் படிப்பும் அதில் வருமா என்று பணம் கட்டும் முன்பே வங்கியில் கேளுங்கள். இன்னொன்று, அங்கே இரண்டு வருடம் முன்பு முடித்தவர்கள் மூன்று பேரைப் பிடித்து, இன்றைய கைச்சம்பளம் எவ்வளவு என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது நடக்கத் தோதான செருப்பாகப் போட்டுக்கொள்ளட்டும். நாங்கள் முதலில் மூன்று மாடியும் கூட்டிக்கொண்டு சுற்றுவோம். பாதி இன்டர்வியூ அங்கேயே முடிந்துவிடும்.