லியோன் நெசவாளர்கள் கேட்ட கூலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் படித்த காலத்தில் பிரெஞ்சுப் புரட்சி ஒரு பாடம், தொழிற்புரட்சி அடுத்த பாடம். என் மகளுக்கும் அப்படியேதான். இரண்டுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்டாள். "புரட்சி மனிதனுக்கு உரிமையைக் கொடுத்தது, எந்திரம் வந்து அதைப் பறித்துக்கொண்டது" என்று சொல்லிச் சமாளித்தேன். நான் சொன்னது சரிதானா?

கா.

அன்புள்ள கா.,

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழியை முழுக்க எந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. பிரான்ஸில் ஆலைப் புகை எழும்புவதற்கு முன்பே தொழிலாளியின் கையைக் கட்டிப்போட்டது புரட்சி போட்ட சட்டம்தான்.

லியோன் நகரத்தைப் பாருங்கள். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். 1831இலும் அங்கே பெரும்பாலான தறிகள் வீட்டுக்குள்தான் ஓடின, அதுவும் கையால். குருவா ரூஸ் மேட்டில் இருக்கும் நெசவாளர் வீடுகளின் கூரை சுமார் 4 மீட்டர் உயரம். வசதிக்காகக் கட்டியதல்ல, ஜக்கார்டு தறி நிற்க அவ்வளவு உயரம் தேவைப்பட்டது. எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும் என்பதைத் தறியின் உச்சியில் இருக்கும் துளையிட்ட அட்டைகள் தீர்மானிக்கும். குடும்பம் படுத்துக்கொள்ள அதே அறையில் ஒரு பரண். தறி நெசவாளருடையது, பட்டு நூல் வியாபாரியுடையது. நெய்த நீளத்துக்கு ஏற்பக் கூலி.

அந்தக் கூலி குறைந்துகொண்டே போனது. அக்டோபரில், ஏறக்குறைய நம் ஊர் ஆட்சியர் போன்ற பதவியில் இருந்த பூவியே துமோலார் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி ஒரு கூலிப் பட்டியலை முடிவுசெய்தார். வியாபாரிகளில் சிலர் ஏற்க மறுத்தார்கள். கூலி என்பது இரண்டு தனிமனிதர்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம், நடுவில் யாரும் விலை வைக்க முடியாது என்றார்கள்.

இந்த வாதம் மன்னர் காலத்துச் சரக்கல்ல. 1791 மார்ச்சில் புரட்சியின் நாடாளுமன்றம் யார் எந்தத் தொழில் செய்யலாம் என்று கட்டுப்படுத்திய பழைய கைவினைக் குழுமங்களை (கில்டு) கலைத்தது. ஜூன் 14 அன்று வந்த லு ஷாப்பலியே சட்டம், ஒரே தொழில் செய்பவர்கள் கூட்டுச் சேர்ந்து கூலி பேசுவதையே தடைசெய்தது. நாட்டில் தனிமனிதரின் நலன் உண்டு, பொது நலன் உண்டு, இடையில் வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது அதைக் கொண்டுவந்தவரின் வாதம். காகிதத்தில் முதலாளிகளுக்கும் அதே தடைதான். ஆனால் நாலு வியாபாரிகள் சாப்பாட்டு மேசையில் பேசி முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கான நெசவாளர்கள் எங்கே போய்ப் பேசுவார்கள்?

நவம்பர் 21 அன்று மேட்டிலிருந்து இறங்கினார்கள். கறுப்புக் கொடி. "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்" என்பது முழக்கம். சண்டைக்குப் பிறகு படை நகரத்தை விட்டு வெளியேறியது. ஊர் கைக்கு வந்ததும், கொள்ளை நடக்காமல் தாங்களே காவல் நின்றார்கள். டிசம்பர் 3 அன்று போர் அமைச்சர் மார்ஷல் சூல்ட், அரசரின் மகன், சுமார் 20,000 வீரர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பட்டியல் ரத்தானது, பூவியே துமோலாரின் பதவியும் போனது. படையை அனுப்பிய அரசே 1830 ஜூலைப் புரட்சியில் வந்ததுதான். மூன்று கோடிக்கும் மேல் மக்கள் இருந்த நாட்டில் அந்த அரசு ஓட்டுரிமை கொடுத்தது 2 லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு.

இதைச் சொன்னதும் பழைய காலமே மேல் என்று யாராவது கிளம்புவார்கள். அதுவும் இல்லை. 1786இல், மன்னர் ஆட்சியில், இதே லியோன் நெசவாளர்கள் இரண்டு சூ (அன்றைய சில்லறைக் காசு) கூலி உயர்வு கேட்டார்கள். மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள். பிடித்த தொழிலை யாரும் செய்யலாம் என்றாக்கியது புரட்சிதான், அது சின்ன விஷயமல்ல.

இங்கிலாந்தில் அந்த நேரத்தில் எந்த அரசரும் கவிழவில்லை. ஆனால் 1799இலும் 1800இலும் அங்கேயும் இதே தடை வந்தது, 1824இல்தான் நீங்கியது. பிரான்ஸில் வேலைநிறுத்தம் குற்றமல்ல என்றாக 1864 ஆனது, சங்கம் சட்டப்படி செல்ல 1884.

மகளிடம் 1789இன் மனித உரிமைப் பிரகடனத்தைப் படிக்கச் சொல்லுங்கள், சிறியதுதான். கடைசிப் பிரிவில் சொத்துரிமை மீறக்கூடாத புனித உரிமை என்று இருக்கும். தொழிலாளர்கள் சங்கம் சேரும் உரிமையைத் தேடச் சொல்லுங்கள், பதினேழு பிரிவுகளிலும் கிடைக்காது.