வெள்ளையணு தன் டிஎன்ஏ-வையே வலையாக வீசுமா?

வீசும், பெரும்பாலும் தன் உயிரையே கொடுத்து. வெள்ளையணுக்களில் அதிகமாக இருக்கும் நியூட்ரோபில்கள் சாதாரணமாகக் கிருமியை விழுங்கிவிடும். விழுங்க முடியாத நீளமான பூஞ்சை இழை என்றால் இந்த வழி. பேட்4 என்ற நொதி, ஹிஸ்டோன் புரதங்களின் நேர்மின்னேற்றத்தைக் குறைக்கிறது; அவற்றைச் சுற்றி இறுகியிருந்த டிஎன்ஏ தளர்ந்து உப்புகிறது. உட்கரு உறை கிழிந்து, அப்புறம் செல்சவ்வும் உடைய, எலாஸ்டேஸ் போன்ற நொதிகள் ஒட்டிய இழைகள் வெளியே விரிகின்றன. பெர்லின் ஆய்வாளர்கள் இதை விவரித்ததே 2004-இல்தான். கிருமியும் லேசுப்பட்டதல்ல: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா, டிஎன்ஏ-வை வெட்டும் நொதியைச் சுரந்து வலையை அறுத்துத் தப்பும்.

சரி, வேலை முடிந்தும் வலை கலையாவிட்டால்? ரத்தத் தட்டணுக்கள் சிக்கி ரத்தம் கட்டும். கடுமையான கோவிட்டில் நுரையீரல் நாளங்களில் இதைப் பார்த்தார்கள். லூபஸ், நோயெதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்; அந்த நோயாளிகள் சிலருக்கு வலை சரியாகச் சிதைவதில்லை. அவர்கள் உடலின் எதிர்ப்பொருள்கள் சொந்த டிஎன்ஏ-வையே குறிவைக்கின்றன.